பிறவியில் இணைந்த சிறுநீரகமும் பாடசாலையின் கடனும்

விழாக் காலத்திற் கல்லூரியின் கட்டிடங்களையும் வெற்றிக் கிண்ணங்களையும் எண்ணி மகிழ்தல் இயல்பே. எனினும், அக் கிண்ணங்களை ஈட்டித்தரும் மாணாக்கரின் உடல்நலத்தையும் ஈண்டுச் சிந்தித்தல் பொருத்தமாகும்.

கருவில் இரு சிறுநீரகங்களும் இடுப்புப் பகுதியில் தோன்றி, பின் மேனோக்கி நகர்வன. அவ்வேளை அவற்றின் கீழ்முனைகள் ஒட்டிவிடின், குதிரை லாடம் போன்ற ஒரே உறுப்பாகி, பெருங்குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாயொன்றால் தடுக்கப்பட்டு, முள்ளந்தண்டின் முன்னே தாழ நின்றுவிடும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இவ்வமைப்பு உண்டு. பெண்களினும் ஆண்களிடத்தே இது மிகுதி. ஆயிரம் மாணாக்கர் பயிலும் கல்லூரியில் இருவர் இருத்தல் கூடும்.

இத்தகையோருட் பலர் யாதொரு குறையுமின்றி வாழ்வர். ஆதலின், பிள்ளைகள் அனைவரையும் வரிசையில் நிறுத்தி ஸ்கான் செய்க என நாம் கூறவில்லை. அது வீண் செலவையும் பெற்றோர்க்கு வீண் அச்சத்தையுமே தரும். ஆயினும், சிறுநீர் வடியும் வழி கோணலாயிருப்பதாற் சிலருக்குத் தேக்கமும், கல்லும், அடிக்கடி தொற்றும் உண்டாகின்றன. அவை நெடுநாட் கவனியாது விடப்படின் சிறுநீரகம் பழுதுறும்.

எமது விடுதித் தோழர் ஒருவர் இளமையிற் குளிருங் காய்ச்சலுமாய்ப் பன்முறை வருந்தினார். ஒவ்வொரு முறையும் மருந்துண்டு தேறினார். காரணத்தை எவருந் தேடினாரல்லர். நாற்பதாவது வயதிற் கல்லுக்கெனச் செய்த பரிசோதனையிலேயே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஒரு பாதி செயலிழந்திருந்தது.

ஆகவே எமது துணிபு இது. பாடசாலை வைத்திய பரிசோதனையின்போது, பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் இரத்தம், விலாப்புற வலி ஆகியன முன்னர் ஏற்பட்டனவா எனப் பெற்றோரிடம் வினவுதல் வேண்டும். ஆமெனின், வலியற்ற ஸ்கான் பரிசோதனை குறித்து வைத்தியரிடம் ஆலோசித்தல் வேண்டும். இவ்வமைப்பு உண்டெனக் கண்டவர் வைத்தியர் கூறும் காலந்தோறும் இரத்த அமுக்கத்தையும் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக் கொள்வாராக. வயிற்றில் விழும் அடி இவர்க்கு ஊறு செய்யலாமாதலின், எவ்விளையாட்டு ஏற்றதென வைத்தியரே கூறட்டும். அச்சத்தால் மைதானத்தை முற்றாக மறுத்தல் மருந்தாகாது.

பழைய மாணவருள் வைத்தியர் பலருளர். அவர்கள் ஆண்டில் ஒரு நாளை இப்பணிக்கென அளிப்பின், கல்லூரி அன்னைக்கு அதனினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை.