பவர் டில்லரில் கை வைக்கும் முன்

நடவுப் பருவத்தில் பவர் டில்லர் ஒரு நாள் படுத்துக் கொண்டால் நஷ்டம் ஒரு நாளோடு போவதில்லை. முறைத் தண்ணீர் தவறிவிடும், நாற்று முற்றிவிடும், பேசி வைத்த நடவு ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். டவுனிலிருந்து மெக்கானிக் வரும் வரை வரப்பில் உட்கார்ந்திருப்பதை விட, சிறு பழுதுகளை விவசாயிகள் தாங்களே பார்த்துக் கொள்வது எவ்வளவோ மேல். ஆனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த சிலர் அதோடு நிற்பதில்லை. "இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும்" என்று இஞ்சினையும் திருகிப் பார்க்கிறார்கள். முன்னது வேண்டும். பின்னது கூடவே கூடாது.

ஓடிக் கொண்டிருந்த இஞ்சின் திணறி நின்றால், முதலில் பார்க்க வேண்டியது டீசல் வரும் வழியை. டாங்கில் டீசல் தீரும் வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசல் ஊற்றிய பின் பில்டரிலும் பம்பிலும் உள்ள காற்றுத் திருகை லேசாகத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும் வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதற்கு மெக்கானிக் எதற்கு? பேரலில் வாங்கிய டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடி வண்டலைக் கலக்காமல் மேலாக எடுத்து வடிகட்டி ஊற்றுவது நல்லது. ஒழுகும் இணைப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும், நாள் முழுவதும் ஒழுகினால் 86,400 சொட்டு!

புழுதி உழவில் காற்று வடிகட்டியைத் தினமும் திறந்து பார்த்தல் அவசியம். எண்ணெய்த் தொட்டி உள்ள வடிகட்டியானால் குறித்த கோடு வரை மட்டும் எண்ணெய் இருக்க வேண்டும். அடைத்த வடிகட்டி கரும்புகையாகக் காட்டிக் கொடுக்கும். வடிகட்டியை மீறிப் போகும் மண் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டரையும் தேய்த்து, நாளடைவில் நீலப் புகை கக்க வைக்கும். நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணாமல், அரை மணி நேரம் ஓடவிட்டுப் புகையைப் பார்த்து எண்ணுவது நல்லது.

பெல்ட் விஷயத்தில் சிக்கனம் என்று நினைத்துச் செய்வது செலவில் முடியும். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுகிறார்கள். பழையவை நீண்டு தளர்ந்திருப்பதால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போய்விடும். செட்டாக மாற்றுவதே லாபம்.

சேறடித்த மாலையில் வண்டியைக் கழுவுவதோடு, அச்சில் சுற்றியுள்ள வைக்கோல், நூல், சாக்குப் பிரி எல்லாவற்றையும் அறுத்தெடுக்க வேண்டும். இவை ஆயில் சீலை அறுத்துவிட்டால் சேற்று நீர் கியர் பெட்டிக்குள் போகும். கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. சீலையும் ஆயிலையும் உடனே மாற்றாவிட்டால் பேரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். ரோட்டரிக் கத்திகளில் இடது, வலது என்று உண்டு. கழற்றும்போதே அடையாளம் வைக்காமல் மாற்றிப் போட்டால் வண்டி உதறும், உழவும் சமமாக விழாது.

இனி, "முன்னேற்றம்" என்ற பெயரில் நடப்பவை. கவர்னர் திருகை இறுக்கி இஞ்சின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், பிஸ்டனை இழுத்துப் பிடிக்கும் கனெக்டிங் ராடு மீதும் அதன் போல்ட் மீதும் விழும் இழுப்பு 44 சதம் கூடுகிறது. போல்ட் அறுந்தால் ராடு இஞ்சின் உடலையே உடைத்துக் கொண்டு வெளியே வரும். பெரிய புல்லி போடுவதும் ஆபத்தே. வேகம் கூடும், பிரேக்கோ பழைய பிரேக்.

சரிவில் இறங்கும்போது பவர் டில்லரின் குணமே தலைகீழ். சமதரையில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் வலப்பக்கம் ஓடும். பிடியை விட்ட சக்கரம் தடையில்லாமல் உருண்டு முந்துவதே காரணம். டிரெய்லரில் ஆளேற்றி வாய்க்கால் கரை இறங்கும்போது இதை மறந்தால், கூட்டிய வேகம் எங்கே கொண்டுபோய் விடும்?

பின்கியரும் ரோட்டரியும் சேர்ந்து விழாதபடி பல மாடல்களில் தடுப்பு உண்டு. திரும்புவதற்குத் தொல்லை என்று அதைக் கழற்றுவது பெரிய மடமை. வண்டி பின்னால் வரும்போது ஓட்டுபவரின் கால்தான் கத்திக்கு எதிரே இருக்கிறது. பெல்ட் மூடியைக் கழற்றிப் போட்டு, வேட்டி கட்டிக் கொண்டு பக்கத்தில் நிற்பதும் அப்படித்தான்.

டீசல் பம்பும் நாஸிலும் வீட்டில் பிரிக்கத் தக்கவை அல்ல. அவற்றைச் சோதிக்கக் கருவி வேண்டும். பட்டறைக்கே அனுப்ப வேண்டும். நாஸிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரல் வைத்துப் பார்ப்பது விளையாட்டல்ல. அப்படிப் பட்டுவிட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவற்றை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் பயிற்சி பற்றிக் கேட்கலாம். மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் ஆந்திரத்தில் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் இருக்கிறது. மானியத்துக்கு அலையும் அலைச்சலில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும்.

பெரிய வேலை எதுவானாலும் கோடையிலேயே முடிப்பது நலம். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு பட்டறையிலும் கூட்டம், உதிரி பாகக் கடையிலும் கூட்டம். அதற்கு முன்பே ஒரு செட் பெல்ட், ஒரு டீசல் பில்டர், இரண்டு ஆயில் சீல், நாலைந்து கத்தி, அவற்றுக்கான போல்ட் நட்டு ஆகியவற்றை வாங்கி வீட்டில் வைத்துக் கொள்ளலாம்.