கூடாரத்தில் ஒரு குடித்தனம்

சென்ற ஒரு வருஷத்தில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டுமாக எந்த ஊருக்காவது போனதுண்டா? கல்யாணம், சீமந்தம், காதுகுத்து இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கே போனால் அவர் பந்தலில் சீட்டாட உட்கார்ந்துவிடுவார். நீங்கள் கூடத்தில் பூத்தொடுக்க உட்கார்ந்துவிடுவீர்கள். திரும்பி வரும்போது ரயிலில்தான் இருவரும் சந்தித்துக் கொள்வீர்கள். அம்மா வீட்டுக்குப் போவதும் அப்படித்தான். ஒரு சமையலறையிலிருந்து இன்னொரு சமையலறைக்கு மாற்றல், அவ்வளவே!

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி செய்து கொண்டிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பெரிய சந்தை. அதன் அருகிலேயே இரண்டு இரவு கூடார வாசம். குழந்தைகள் பாட்டியிடம்.

"கூடாரமா!" என்று நீங்கள் முகவாயில் கை வைப்பது தெரிகிறது. இது என்ன புது நாகரிகமா? மதுரைப் பக்கத்தில் ஆடித் திருவிழாவுக்கு அழகர்கோவிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரத்தடியில் வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, வண்டிக்கு அடியில் ஜமக்காளத்தை விரித்துப் படுத்தவர்கள்தாமே அவர்கள்? நம்முடைய கூடாரத்துக்குச் சக்கரம் இல்லை. வித்தியாசம் அது ஒன்றுதான்.

இந்தத் தடவை நாங்கள் போனது ஈரோடு ஜில்லாவிலுள்ள அந்தியூருக்கு. ஆடி மாதத்தில் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோவில் விசேஷத்தை ஒட்டி அங்கே குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடுகின்றன. பவானி வழியாகப் பஸ்ஸில் போனோம். ஜமக்காளத்துக்குப் பேர்போன அந்த ஊரில் இறங்கி ஒரு ஜமக்காளமும் வாங்கிக் கொண்டேன். கூடாரத்துக்குள் விரிக்க வேண்டுமல்லவா?

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை குதிரைகள். மார்வாரி, காட்டியவாரிக் குதிரைகளின் காதுகளைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக் கொள்ளும். கைகூப்பி வணக்கம் சொல்வது போல இருக்கும். அடுத்து காங்கேயம் மாடுகள். அந்த ஜாதிக் கன்றுகள் பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். பக்கத்து மலையிலிருந்து வரும் பர்கூர் மாடுகளோ செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுக்களோடு நிற்கும். "செம்மறை" என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாட்டின் வயதைக் கண்டுபிடிக்கக் கீழ்வாயைத் திறந்து, விழுந்து முளைத்த பற்கள் இரண்டா, நான்கா, ஆறா, எட்டா என்று எண்ணுகிறார்கள். நம்மிடம் இந்த வழக்கம் இல்லாதது நம் அதிர்ஷ்டம்!

எனக்கு மிகவும் பிடித்தது துண்டு வியாபாரம். வாங்குகிறவரும் தரகரும் கைகோத்துக் கொள்ள, கைகளின்மேல் ஒரு துண்டு விழுகிறது. உள்ளே விரலைப் பிடிப்பதும் விடுவதும்தான் பேரம். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. ஒருவர் சொன்ன விலை படியாமல் போனாலும், அடுத்து வருகிறவரிடம் அது மாட்டின் மதிப்பைக் குறைக்காது. எவ்வளவு நாசூக்கு!

கணவனும் மனைவியும் சந்தையில் இந்த வித்தையைக் கற்றுக்கொள்வது அவசியம். நாம் அரை மணி நேரம் போராடி இரும்புத் தோசைக்கல்லின் விலையைக் குறைத்துக் கொண்டிருப்போம். அவர் பின்னாலிருந்து, "அடடே, பட்டணத்தில் இதைப்போல இரண்டு மடங்கல்லவா?" என்று உரக்கச் சொல்லிவிடுவார். ஆகையால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. நான் முந்தானையை இழுத்துச் செருகினால், "வாயைத் திறக்காதீர்கள்" என்று அர்த்தம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், "போதும், வாங்கிவிடு" என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு பணப்பையும் உண்டு. யார் என்ன வாங்கினாலும் மற்றவர் கணக்குக் கேட்கக் கூடாது.

மாட்டுச் சந்தையின் ஓரத்தில் வயதான அம்மாள் ஒருத்தி நின்று கொண்டிருந்தாள். அவளுடைய காளைக்கு விலை படிந்துவிட்டது. வாங்கியவர் புதுக் கயிறு கொண்டு வந்து கட்டினார். அவள் பழைய கயிற்றை அவிழ்த்து, நிதானமாகச் சுருட்டி மடியில் வைத்துக் கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "மாடு போனாப் போகட்டும் கண்ணு. கயிறு ஊட்டை விட்டுப் போகப்படாது" என்றாள். கயிறு இருந்தால் அதில் கட்ட இன்னொரு மாடு வரும் என்று நம்பிக்கை. என் கணவர் அந்தக் காளை கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இனிக் கூடாரத்துக்கு வருகிறேன். சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டோம். "தென்னைக்கு அடியில் வேண்டாமுங்க, காய் விழும்" என்று சொல்லி, மேடான களத்தைக் காட்டினார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் துணி எம்மாத்திரம்? முளைகளை நேராக அடிக்காமல், தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாயும்படி அடிக்க வேண்டும். அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்க முளை பிடுங்கிக் கொள்ளாமல் இருக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பை மூடிவிடாதீர்கள். இருவர் விடும் மூச்சின் ஈரமே விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும்.

ஏழடி நீளம், ஐந்தடி அகலம். கோபித்துக் கொண்டு போக இன்னோர் அறை கிடையாது! அன்றிரவு தூரத்தில் மேளச் சத்தம் அடங்கிய பிறகு அவர் திடீரென்று, "அப்பாவின் நிலத்தை விற்க எனக்கு மனசில்லை" என்றார். எட்டு மாதமாக வீட்டில் நடக்கும் பேச்சு அது. ஆனால் குக்கர் விசிலுக்கும் குழந்தைகளின் வீட்டுப் பாடத்துக்கும் நடுவில், "தம்பி கேட்கிறான், விற்றால் கடன் தீரும்" என்பதற்கு மேல் அது நகர்ந்ததே இல்லை. எனக்கு விற்பதில் சம்மதம் என்று அவரும், அவருக்கு அதுதான் இஷ்டம் என்று நானும் நினைத்துக் கொண்டிருந்திருக்கிறோம். இரவு ஒரு மணிவரை பேசினோம். முடிவு என்னவென்று கேட்காதீர்கள்; மைத்துனரிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் இப்போது அவரிடம் போய்ப் பேசப் போகிறவர்கள் ஒரே கட்சி.

நீங்களும் கிளம்புவதானால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, சமையல். கூடாரத்துக்குப் போயும் நீங்களே அடுப்போடு மல்லாடினால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். முதல் நாளைக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் காப்பி அவர் பொறுப்பு. தண்ணீர் எடுத்து வருவதும் அவரே. இரண்டு பர்லாங் நடந்து ஒரு குடம் தூக்கி வந்தவர், ஊர் திரும்பியதும் குழாயைத் திறந்து விட்டுவிட்டு க்ஷவரம் செய்து கொள்வதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, நெருப்பு. அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மூன்றாவது, இடம். ஆடியில் ஆற்று மணல் பட்டுப்போல அழைக்கும். அங்கே படுக்காதீர்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இருட்டில் தெரியாது. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியில்லாமல் போகவே வேண்டாம். 2018-ம் வருஷம் மார்ச் மாதம் தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் இளம் பெண்களும் உண்டு.

நான்காவதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பயனில்லை. சந்தைக்கு வரும் பெண்கள் பலர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. ஒதுங்க இடமில்லையே என்ற பயந்தான் காரணம். வெயிலில் இப்படி அடக்கிக் கொண்டிருந்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். கூடாரத்துக்கு இடம் கேட்கும்போதே, "கழிப்பறை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கும் அந்தக் கவலை தெரியட்டும். இருக்கிறது என்று நிச்சயமான பிறகு, தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள்.

அந்தியூர்தான் என்பதில்லை. சித்திரையில் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் சந்தை இருக்கிறது. அதுவும் தூரமென்றால் உங்கள் ஊருக்குப் பத்து மைலில் ஒரு வாரச் சந்தை இல்லாமலா போகும்? அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

இன்றைக்கே பேச்செடுத்துப் பாருங்கள். "பார்க்கலாம்" என்பார். விடாதீர்கள். காலண்டரைக் கையில் கொடுத்து, "எந்தத் தேதியில் பார்க்கலாம்?" என்று கேளுங்கள்!