பிள்ளைகள் கையில் எந்தக் கதை?

நமது நாட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கு நரிக்கதையும் காக்கைக் கதையும் இருக்கின்றன. கிழவன் கிழவிகளுக்கு இராமாயணமும் பாரதமும் இருக்கின்றன. நடு வயதுக்காரருக்குப் பத்திரிகைத் தொடர்கதையும் தொலைக்காட்சித் தொடரும் இருக்கின்றன. ஆனால் 13 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ, தன் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முச்சந்தியில் நிற்கும் சமயத்தில், தன்னைப் போன்ற ஒருவர் அதே முச்சந்தியில் நின்று என்ன செய்தார், அதனால் என்ன அடைந்தார் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லும் நாவல்கள் எத்தனை இருக்கின்றன என்று கணக்குப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இருக்கிற சிலவும் பிள்ளைகள் கைக்குப் போகாமல் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன.

இது என்ன பெரிய விஷயம், சோற்றுக்கு வழி சொல்லுவதை விட்டுக் கதைக்கு வழக்காட வந்துவிட்டீரே என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, வேப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பத்தாவது பரீட்சை முடிந்த மறுவாரம் என்ன நடக்கின்றது என்று பாருங்கள். பெண்ணைப் பார்த்து, "படிச்சது போதும், மாமன் மவன் கேக்குறான்" என்கின்றார்கள். பையனைப் பார்த்து, "விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் போறியா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறியா" என்கின்றார்கள். கூடப் படித்த சேரிப் பையன் வீட்டில் சாப்பிட்டதற்காக ஒருவன் அடிபடுகின்றான். சொந்தக்காரன் ஒருவன் தகாத முறையில் தொட்டதை வீட்டில் சொல்லுவதா, மறைப்பதா என்று ஒரு பெண் தூங்காமல் கிடக்கின்றாள். இவையெல்லாம் சின்னப் பிள்ளைகளின் சின்ன விஷயங்களா? பெரியவர்கள் ஆயுள் முழுதும் செய்யாத முடிவை அவர்கள் ஒரு ராத்திரியில் செய்ய வேண்டியிருக்கின்றது. அப்படிச் செய்வதற்கு அவர்கள் புத்திக்கு நாம் என்ன பழக்கம் கொடுத்திருக்கின்றோம்?

நாம் கொடுத்திருக்கும் கதைகளைச் சற்று யோசித்துப் பாருங்கள். தகப்பன் வெட்டச் சொன்னான், பரசுராமன் பெற்ற தாயின் தலையை வெட்டினான். அவன் உத்தம புத்திரன். ஆசான் கேட்டான், ஏகலைவன் கட்டை விரலை அறுத்துக் கொடுத்தான். அவன் உத்தம சீடன். தகப்பன் வாக்கைக் காப்பாற்ற இராமன் காட்டுக்குப் போனான்; அவனை அவதாரம் என்றே கும்பிடுகின்றார்கள். இம்மூன்று கதையிலும் உத்தரவு போடுகிறவன் பெரியவன், கீழ்ப்படிகிறவன் சிறியவன். போட்ட உத்தரவு நியாயமா என்று கேட்கும் வேலை மட்டும் ஒருவனுக்கும் கிடையாது. தலைமுறை தலைமுறையாய்த் தெருக்கூத்திலும் திண்ணையிலும் இதையே கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கென்று ஒரு முடிவு செய்யவேண்டிய நாள் வந்தால், கேட்காமல் அடங்கிப்போகும். அல்லது ஒன்றும் யோசிக்காமல் முரட்டுத்தனமாய் எதையாவது செய்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. யோசித்து முடிவு செய்யும் பழக்கம் அதற்கு ஏற்பட இடமே கொடுக்கப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றைச் சொல்லுகின்றோம். அமெரிக்காவில் மார்க் ட்வைன் என்பவர் எழுதிய ஹக்கிள்பெரி ஃபின் என்னும் நாவல் 1885 இல் அந்நாட்டில் வெளிவந்தது. ஹக் என்னும் பையன் ஜிம் என்ற நீக்ரோ அடிமையோடு ஓடம் ஏறித் தப்பிப் போகின்றான். அடிமையைத் தப்பவிடுவது திருட்டு என்றும், அப்படிச் செய்தவன் நரகத்துக்குப் போவான் என்றும் அவனுக்குப் பெரியவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். அவனும் அதை நம்புகின்றான். பயந்துபோய், அடிமையின் எஜமானிக்குக் காட்டிக்கொடுத்துக் கடிதமும் எழுதிவிடுகின்றான். பிறகு ஜிம் தனக்குச் செய்த உதவிகளையெல்லாம் நினைத்துப் பார்க்கின்றான். நரகமே கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று கடிதத்தைக் கிழித்து எறிகின்றான். தான் செய்தது நியாயம் என்றுகூட அப்பையனுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத் தெரிகின்றது. நூறு பிரசங்கம் செய்ய முடியாத வேலையை அக்கிழிந்த கடிதம் செய்துவிடுகின்றது. அந்த ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு என்னும் ஊரின் நூல் நிலையத்தார், இது பிள்ளைகள் படிக்கத் தகாது என்று தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் சொந்தமாய் யோசிப்பதென்றால் பெரியவர்களுக்கு வரும் நடுக்கம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

நமது தமிழிலும் இந்த வேலை புதிதல்ல. அ. மாதவையா, குழந்தைப் பிராயத்தில் கலியாணம் ஆகி விதவையான ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லுவதாக 1892 இல் பத்திரிகையில் எழுதத் தொடங்கியதை, 1903 இல் முத்துமீனாட்சி என்று புத்தகமாக்கினார். பெண்ணுக்கு 14 வயது ஆகாமல் கலியாணம் கூடாது என்று சாரதா சட்டம் வந்ததோ 1929 இல். சட்டம் வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே கதை வந்துவிட்டது. அதுபோலவே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936 இல் தாசிகள் மோசவலை என்ற நாவலை வெளியிட்டார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947 இல் வந்தது. அவ்வம்மையார் சிறு பிராயத்தில் தாசி வீட்டில் விடப்பட்டு வளர்ந்தவர்; அந்த வாழ்வு வேண்டாம் என்று இளம் பிராயத்திலேயே தாமே முடிவு செய்து, தமக்கு இசைந்தவரை மணந்தவர். அவர் பெயரால் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவி, 2022 இல் உயர் கல்விக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டமாக மாற்றப்பட்டது. கலியாணமா, படிப்பா என்று முச்சந்தியில் நிற்கும் பெண்ணுக்கு அம்மையார் பெயரே ஒரு பக்கம் கைகாட்டும்படி ஆயிற்று. ஆனால் அந்த ரூபாயை வாங்குகிற பெண்களில் எத்தனை பேருக்கு அவருடைய கதை தெரியும்?

இனி, நமது வேப்பூருக்குப் பக்கத்துக்கே வருவோம். 2020 ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இமையம் நமது கழுதூர்க்காரர். பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தவர். அவர் 2006 இல் வெளியிட்ட செடல் என்ற நாவலில், மழை பெய்யவில்லை என்பதற்காக ஒரு சின்னப் பெண்ணைச் சாமிக்குப் பொட்டுக் கட்டி விடுகின்றார்கள். ஊருக்கு மழை வேண்டும், சரி. அதற்கு அக்குழந்தை என்ன செய்தாள்? அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பிற்பாடு கூத்து ஆடப் போய்த் தன் காலில் நிற்கின்றாள். வேறெங்கோ நடந்ததாக அல்ல, நமது மண்ணில், நமது வாய்ப் பேச்சிலேயே இக்கதை எழுதப்பட்டிருக்கின்றது. அவர் 2012 இல் எழுதிய பெத்தவன் என்னும் குறுநாவலில், சாதி விட்டுச் சாதி காதலித்த பெண்ணைத் தகப்பனே விஷம் வைத்துக் கொல்ல வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லுகின்றது. தகப்பன் பெண்ணை ராத்திரியில் அனுப்பிவிட்டு விஷத்தைத் தான் குடிக்கின்றான். பெண்ணின் பிடிவாதமும் தகப்பனின் பாசமும் ஊரின் வெறியும் அதில் நம் கண் முன் நிற்கின்றன.

இப்படிப்பட்ட கதைகளைப் படித்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பது முதல் ஆட்சேபம். நாம் கேட்கின்றோம்: 2003 இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறிக் கலியாணம் செய்துகொண்ட இருவருக்கு விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்களே, அவர்கள் என்ன நாவல் படித்துக் கெட்டார்கள்? 18 ஆண்டு கழித்து 2021 இல் கடலூர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அந்தப் புத்தியைக் கற்பித்த புத்தகம் எது? கதை படித்ததனால் பிள்ளை கெட்டதற்குச் சாட்சி காட்டுவார் இல்லை. சாதிக் கட்டுப்பாட்டினால் பிள்ளை செத்ததற்குச் சாட்சி வேண்டியமட்டும் இருக்கின்றது.

அசிங்கமான விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்பது இரண்டாவது ஆட்சேபம். பிள்ளைகளிடம் பெரியவர்கள் தகாத முறையில் நடப்பதைப் பற்றி யெஸ். பாலபாரதி எழுதிய மரப்பாச்சி சொன்ன ரகசியம் என்னும் கதைக்கு 2020 இல் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியப் பரிசே கொடுத்தாகிவிட்டது. அசிங்கம் செய்கிறவனை விட்டு அதைச் சொல்லுகிறவன் வாயை அடைத்தால், அதனால் லாபம் யாருக்கு? செய்கிறவனுக்குத்தானே?

கதை என்றால் கடைசியில் நீதி வேண்டாமா என்பது மூன்றாவது. இது சற்று யோசிக்கத்தக்க கேள்வி. பூமணி 1982 இல் வெளியிட்ட வெக்கை என்னும் நாவலில், அண்ணனைக் கொன்றவனை 15 வயதுப் பையன் வெட்டிவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகின்றான். 2019 இல் வந்த அசுரன் என்ற சினிமாவுக்கு ஆதாரம் இக்கதைதான். வெட்டியது சரி என்றாவது, தப்பு என்றாவது ஆசிரியர் எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. பையனின் பசியையும் பயத்தையும், தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளுவதையும், காட்டையும் வெயிலையும் மாத்திரம் காட்டுகின்றார். தீர்ப்புச் சொல்லும் பாரத்தைப் படிக்கிறவன் தலையில் வைக்கின்றார். அந்தப் பாரத்தைச் சுமந்து பழகியவனுக்கே புத்தி திடப்படும். நீதியை வாலில் கட்டி அனுப்பும் கதையில் படிக்கிறவனுக்கு வேலையில்லை. இது புராணக் கதைக்கு மாத்திரமல்ல, நம்மவர்கள் எழுதும் கதைக்கும் பொருந்தும். கதாநாயகன் மூன்று பக்கம் பிரசங்கம் செய்து, எதிரி வாயடைத்துப்போய், கடைசிப் பக்கத்தில் எல்லாம் சுபமாய் முடிகிற சீர்திருத்தக் கதையும் ஒருவகைப் புராணமே. சாமி இருந்த இடத்தில் நம்மை உட்காரவைத்ததைத் தவிர அதில் மாறுதல் ஒன்றுமில்லை. சரியான வழியில் போனவனுக்கும் கஷ்டம் உண்டு, அதைத் தெரிந்தே போக வேண்டும் என்று சொல்லுகிற கதைதான் பிள்ளைக்குக் கடைசிவரை துணை நிற்கும்.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகின்றோம். சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக 1948 இல் பொது நூலகச் சட்டம் செய்தது நமது மாகாணம். ஆகையால் ஊர்ப்புற நூலகத்தில் இப்புத்தகங்களைக் கேட்டு வாங்க நமக்குப் பூரண உரிமை இருக்கின்றது. கிர்கிஸ் நாட்டுச் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய முதல் ஆசிரியர் தமிழில் இருக்கின்றது. அதில் நிர்ப்பந்தக் கலியாணத்தில் சிக்கிய அநாதைப் பெண் ஒருத்தி, ஓர் ஏழை ஆசிரியனால் மீட்கப்பட்டுப் படிக்கப் போகின்றாள். பத்தாவது முடித்த ஒவ்வொரு பெண் கையிலும் அதைக் கொடுங்கள். கூடவே, 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கலியாணம் செய்வது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும், 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

படித்து முடித்த பிள்ளையிடம், இதில் என்ன நீதி என்று கேட்காதீர்கள். நீயாய் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேளுங்கள். அது சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காவிட்டாலும் அடிக்காமல், ஏன் என்று மறுபடி கேளுங்கள். எழுத ஆசையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அமெரிக்காவில் எஸ். இ. ஹின்டன் என்ற பெண், பணக்காரப் பையன்களுக்கும் ஏழைப் பையன்களுக்கும் நடக்கும் சண்டையை 15 வயதில் எழுதத் தொடங்கி, 1967 இல் 18 வயதில் புத்தகமாய் வெளியிட்டார். வேப்பூர் ஆட்டுச் சந்தையில் தகப்பனோடு ஆடு ஓட்டி வரும் பையனுக்கும், பீங்கான் பொம்மைக்கு வர்ணம் பூசும் பெண்ணுக்கும் சொல்லுவதற்கு அதைவிடக் குறைந்த விஷயமா இருக்கின்றது? அவர்கள் எழுதட்டும். நாம் படிக்கத் தயாராய் இருப்போம்.