பைலில் பழுதில்லை, வாசிப்பதில்தான் பழுது

பதிவு கொஞ்சம் நீளம். உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுத்த பிள்ளைகளும், கெம்பஸில் புவியியல், விவசாயம், கடற்றொழில் செய்யும் பிள்ளைகளும் பொறுமையாக வாசியுங்கள்.

"சேர், பைல் கரப்ட்." மழைத் தரவை இறக்கித் திறந்து பார்க்கும் பிள்ளைகள் முதலில் சொல்வது இதைத்தான். பத்தில் ஒன்பது தடவை பைலுக்கு ஒன்றும் நடந்திருக்காது.

இதை ஏன் பெரிதாக எடுக்கிறேன் என்றால், ஒவ்வொரு மாரியிலும் முகத்துவாரத்தை வெட்டுவதா, எப்போது வெட்டுவது என்ற பேச்சு வருகிறது. படுவான்கரையில் வயல் மூழ்கிய விவசாயிக்கு ஒரு அவசரம், வாவியை நம்பிய மீனவருக்கு வேறு கணக்கு. "இந்த முறை மழை கூட" என்பதற்கு மேல் நம் கையில் ஒரு எண்ணும் இருப்பதில்லை. ஆனால் எண்கள் இருக்கின்றன. நாசாவின் ஐமெர்க் மழைத் தரவு 1998ஆம் ஆண்டு முதல் அரை மணிக்கு ஒன்றாக, ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு ஒரு கட்டமாக இலவசமாகக் கிடைக்கிறது. 2011 ஜனவரி வெள்ளமும் அதற்குள் இருக்கிறது. வடிவம் எச்டிஎப்5. 1981 முதல் உள்ள சிர்ப்ஸ் தரவை நெட்சிடிஎப் வடிவில் எடுக்கலாம்.

நெட்சிடிஎப் பைலைத் திறந்தால் ஏன் எச்டிஎப் வழு வருகிறது என்று கேட்கிறார்கள். 2008இல் வந்த நெட்சிடிஎப்-4 உள்ளுக்குள் எச்டிஎப்5தான். வெளியே ஒரு பெயர், உள்ளே இன்னொரு ஆள்.

"தெரியாத பைல் வடிவம்" என்று வந்தால் முதலில் பைலின் அளவைப் பாருங்கள். பிறகு நோட்பேடில் திறவுங்கள். எச்டிஎப்5 என்றால் தொடக்கத்தில் ஒரு விசித்திர எழுத்தும் அதையடுத்து எச், டி, எப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். பழைய நெட்சிடிஎப் சி, டி, எப் என்று தொடங்கும். எச்டிஎம்எல் என்று கண்டால் நீங்கள் இறக்கியது மழையை அல்ல, நாசாவின் லொகின் பக்கத்தை. கணக்கு திறந்து உள்நுழையாமல் இறக்கினால் அந்தப் பக்கம்தான் மழைப் பைலின் பெயரோடு வந்து உட்காரும்.

வழுவில் இரண்டு பெரிய எண்கள் வந்தால், ஒன்று வந்து சேர்ந்த அளவு, மற்றது இருக்க வேண்டிய அளவு. டேட்டா பாதியில் அறுந்திருக்கிறது. திரும்ப இறக்குங்கள்.

அடுத்தது நம் ஆட்களுக்கென்றே உள்ள வில்லங்கம். ஆசையாக "மழை" என்று தமிழில் போல்டர் போடுகிறோம். விண்டோஸில் இந்த நூலகங்களின் பழைய பதிப்புகளுக்கு ஆங்கிலம் தவிர்ந்த எழுத்துள்ள பாதை பிடிபடாது. பைல் கண்முன்னே இருக்க, "அப்படி ஒரு பைலே இல்லை" என்று சொல்லும். அதற்காகத் தமிழை விடச் சொல்லவில்லை. புதிய பதிப்பைப் போடுங்கள், முடியாவிட்டால் அந்தப் போல்டருக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் வையுங்கள்.

சத்தம் போடும் வழு நல்லது. எனக்குப் பயம் சத்தம் போடாததில். ஐமெர்க்கில் தரவு இல்லாத இடத்தில் -9999.9 என்று இருக்கும். எச்5பை அதை மறைத்துத் தராது. அப்படியே சராசரி எடுத்தால் மழை மறை எண்ணாக வரும், அதையும் அறிக்கையில் போட ஆளிருக்கிறது! அலகு மணிக்கு மில்லிமீற்றர், பைலோ அரை மணிக்குரியது. 48 பைலையும் சும்மா கூட்டினால் நாளின் மழை இரட்டிப்பாகும். முகத்துவாரப் பேச்சில் அந்த எண்ணோடு எழுந்து நின்றால் என்னாகும் என்று யோசியுங்கள். நாள் எல்லையும் வேறு. அங்கே நாள் தொடங்கும்போது நமக்குக் காலை 5.30. நம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைமானிக் கணக்கோ காலை 8.30 முதல் 8.30 வரை. ஒப்பிடுமுன் மூன்று மணித்தியாலம் நகர்த்த வேண்டும்.

இன்னொன்று, ஐமெர்க்கில் நெடுங்கோடு முதல், அகலக்கோடு பிறகு. 3600க்கு 1800. மட்டக்களப்பின் இடம் ஏறத்தாழ 2617, 977. மாற்றிக் கேட்டால் 1800 நீளப் பக்கத்தில் 2617ஆவதைத் தேடி விழும். உடனே, "சேர், பைல் கரப்ட்."

உயர்தரப் பாடத்தில் பைதன் இருக்கிறது. லூப் எழுதப் பிள்ளைகளுக்குத் தெரியும். வழுச் செய்தியை வாசிக்க ஒரு பாடவேளை ஒதுக்கினால் குறைந்தா போகும்? பகா எண் கண்டுபிடிக்கும் பயிற்சியில் ஒன்றைக் குறைத்து, வாவி மழைப் பைல் ஒன்றைக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. "அதெல்லாம் கெம்பஸ் வேலை" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கெம்பஸ் போன பிள்ளைதான் இரவு பதினொரு மணிக்கு எனக்கு வட்ஸ்அப் போடுகிறது.

எப்போதும் யாரோ ஆங்கிலத்தில் எழுதி வைப்பார்கள் என்றும் இருக்க முடியாது. நெட்சிடிஎப்பைப் பராமரிக்கும் யுனிடேட்டாவே 2025 மே மாதம் அமெரிக்க அரச நிதி வராமல் பெரும்பாலான வேலைகளை நிறுத்தி வைத்தது. ஆகவே நீங்கள் தீர்த்த ஒவ்வொரு வழுவையும் தமிழில் நாலு வரி எழுதி இங்கே கமெண்டில் போடுங்கள். கேள்வி கேட்பவர்கள் போனால் எடுத்த மங்கலான படம் அனுப்ப வேண்டாம். வழுவை எழுத்தாகவே கொப்பி பண்ணிப் போடுங்கள், கடைசி வரி வரைக்கும். எச்டிஎப்5 உண்மையான காரணத்தைப் பெரும்பாலும் அடியில்தான் சொல்லும்.