அடியாத மாடும் அடிபட்ட மகனும்

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி நம் இல்லங்களில் இன்றும் செல்வாக்குடன் வாழ்கிறது. மாட்டை வதைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மகனை வதைப்பதோ கண்டிப்பு என்றும் வளர்ப்பு என்றும் பெயர் சூடிக்கொள்கிறது. அந்த மகன் மீசை முளைத்து, மணம் முடித்த பின்னும், அவனுள் ஒரு சிறுவன் மூலையில் ஒடுங்கியே நிற்கிறான். அவனைக் குறித்தே நாம் பேச விழைகிறோம்.

நடுவண் அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று, நம் அண்டை மாநிலங்களாகிய கேரளமும் ஆந்திரமும் உட்பட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்தது. மூவரில் இருவர் உடல்வழி வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர், அவர்களுள் 54.68 விழுக்காட்டினர் சிறுவர். குடும்பத்துக்குள் அடிபட்டோரில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோரே. அத்தலைமுறையினர் இன்று கணவர்கள், தந்தையர். நம் ஆலயங்களின் பின்வரிசையிலும் அத்தகையோர் நிற்கிறார்கள்.

அடி மட்டுமன்று. ‘தண்டச்சோறு’ என்ற சொல்லை உணவு பரிமாறும் வேளையில் பத்தாண்டுகள் கேட்டவனால், தன் உழைப்பில் உண்ணும் சோற்றையும் மன நிறைவோடு உண்ண முடிவதில்லை. வேறு சிலரை மனைவியோ மனைவியின் வீட்டாரோ நாள்தோறும் இழிவுபடுத்துகின்றனர், அடிப்பதும் உண்டு. வெளியே சொன்னால் கிடைப்பது சிரிப்பு. பெண்டாட்டியிடம் அடிவாங்கும் கணவன் நம் திரைப்படங்களில் நகைச்சுவைப் பாத்திரம் அல்லவா!

ஆகவே அவன் வாய் திறப்பதில்லை, பலவேளைகளில் குடிக்கிறான். குடியை விடுமாறு தியானக் கூடங்களில் வாக்குறுதி வாங்கப்படுகிறது. எதை மறக்கக் குடிக்கிறாய் என்று கேட்பார் அரிது. 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் மாண்டோர் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களுள் 1,22,724 பேர் ஆண்கள். காரணங்களில் முதலிடம் குடும்பச் சிக்கல்களுக்கு. அவை அனைத்தும் வன்கொடுமையே என்று நாம் கூறவில்லை. ஆனால், ‘ஆண்பிள்ளைக்கு என்ன குறை?’ என்று கேட்போர் இவ்வெண்களுக்கு முன் சற்றே நின்று எண்ணிப்பார்க்கட்டும்.

இவ்விடத்தில் இரு சாராரை மறுக்க வேண்டியுள்ளது. முதலாமவர், ஆணின் துயரைக் காட்டி, பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தைச் சாடுவோர். அச்சட்டம் அடிபட்ட ஆணுக்குப் பகையன்று. தாய் அடிபடக் கண்டு நடுங்கும் மகனுக்கு, அவள் பெறும் காப்பே தனக்கும் காப்பு. மேலும், தான் பட்ட அடி மனைவியை அடிக்க உரிமம் ஆகாது. காயம் காரணத்தைச் சொல்லும், பழியைத் துடைக்காது.

இரண்டாமவர், மறைநூலைப் பிரம்பாக்குவோர். நீதிமொழிகளையும் நான்காம் கட்டளையையும் எடுத்துக்காட்டி, ‘தந்தைதானே, மன்னித்துவிடு’ என்கின்றனர். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரத்தில் புனித பவுல், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறிய கையோடு தந்தையருக்கும் கடிவாளமிடுவது இவர்கள் கண்ணில் படுவதில்லை. மன்னிப்பு அருளின் கனி. பிஞ்சிலே பறித்தால் கைக்கும். புண்ணைத் திறந்து காட்டுமுன் ஆறிவிட்டது எனச் சொல்லவைப்பது மருத்துவமன்று, பொய்ச்சான்று. மன்னித்தவனும் அடித்தவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாக வேண்டும் என்ற கடன் இல்லை.

இறைமக்களே, செய்யத்தக்கவை அரியவை அல்ல. பேச முன்வருபவனை நம்புங்கள், சிரியாதீர்கள், அறிவுரையை ஒத்திவையுங்கள். அவன் சொன்னதை அன்பியக் கூட்டத்தில் செபக்கருத்தாக்கி அம்பலப்படுத்தாதீர்கள். தூக்கமின்மையும் திடீர்ச் சினமும் அச்சமும் நீடித்தால், மனநல மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவன்று. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையைக் கட்டணமின்றி 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

திருமணத் தயாரிப்பு வகுப்பில் மணமகனின் வருமானத்தைக் கேட்கிறோம். ‘உன் வீட்டில் உன்னை எப்படி வளர்த்தார்கள்?’ என்றும் கேட்போம். அவன் விடை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாய்க் காத்திருப்போம். நாளை அவன் மடியில் தவழப்போகும் பிள்ளைக்காகவேனும் அந்தப் பழமொழி அவன் வாசலோடு நிற்கட்டும்.