மௌனம் குற்றமாகாது

போலீஸார் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலைச் சொல்ல மறுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 20(3)வது பிரிவு அளிக்கிறது.

இவ்வுரிமை போலீஸ் விசாரணையின்போதே உண்டு என்று, ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில் 1978இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சம்மதமின்றி ஊசி மருந்து செலுத்தி உண்மையை வரவழைப்பதும் செல்லாதென, கர்நாடகம் தொடர்பான வழக்கில் 2010இல் அதே கோர்ட் கூறியது.

முன்னாள் முதல்வருக்குச் சட்டம் தெரியும், வக்கீலும் உண்டு. பிழைப்புத் தேடிப் பெங்களூரு வந்த கூலித் தொழிலாளிக்கு? கேள்வியின் மொழியே புரியாதவர், அடிக்கு அஞ்சி எதையும் ஒப்புக்கொள்வார்.

இவ்வுரிமையை அவரவர் மொழியில் எடுத்துச் சொன்ன பிறகே விசாரணை தொடங்க வேண்டும். அச்சுறுத்திப் பெற்ற வாக்குமூலம் துப்புத் துலக்கியதாகாது.