471 எங்கிருந்து வருகிறது?

"ஹலால் முத்திரை இருக்கு பாட்டி, பயப்படாம சாப்பிடுங்க."

போன தீபாவளி விடுமுறையில் கோலா தெர்லா வீட்டில் நான் சொன்னது இது. கையில் மார்ஷ்மெல்லோ பொட்டலம். பாட்டி இரண்டு சாப்பிட்ட பிறகுதான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன்: 'ஜெலட்டின் லெம்பு'. மாட்டு ஜெலட்டின். ஆயுசு முழுக்கத் தேயிலை கிள்ளியவர், மாட்டிறைச்சியைத் தொட்டதே இல்லை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"ஹலால் அவங்க விஷயம், நமக்கெதுக்கு?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். தப்பு. முத்திரை பன்றி இல்லை என்கிறது. மாடு இல்லை என்று சொல்லவே இல்லை. முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தான். என் மலாய் அறைத்தோழன் கேட்பதும் பாட்டி கேட்க வேண்டியதும் ஒரே கேள்வி: இது எதிலிருந்து வந்தது?

வாட்சாப்பில் சுற்றும் 'ஹராம் எண்கள்' பட்டியல் இதற்குப் பதிலாகாது. 120 என்றால் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம், அதில் குழப்பமில்லை. ஆனால் ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் 471? செம்பனை எண்ணெயிலிருந்தும் செய்யலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம், பன்றிக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எண் பொருளின் பெயரைத்தான் சொல்லும், பிறப்பைச் சொல்லாது.

"லேப்ல கொடுத்தா தெரிஞ்சிடும்" என்பார்கள். 2014 மே மாதம் இரண்டு கேட்பரி சாக்லேட்டுகளில் பன்றி மரபணுத் தடயம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. நாடே கொந்தளித்தது. சில நாளில் ஜாக்கிம் வேறு மாதிரிகளைச் சோதித்து, இல்லை என்றது. சோதனை தேடுவது மரபணுவை. நன்றாகச் சுத்திகரித்த கொழுப்பில் மரபணு மிஞ்சுவதே அபூர்வம். அப்போது பதில் ஆய்வுக்கூடத்தில் இல்லை, தொழிற்சாலையின் கொள்முதல் கணக்கில்தான் இருக்கிறது.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார். தயாரிப்பாளருக்கும் அது தெரியும். தெரிந்ததை அச்சடிக்க என்ன தயக்கம்? '471 (செம்பனை)'. ஒரே ஒரு சொல். எல்லா எண்ணுக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள்.

அதுவரை முத்திரையைப் பார்த்ததும் நிறுத்தாதீர்கள். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். நான் படித்திருக்க வேண்டும்.